இரண்டாம் பக்கத்தின் முதல் அரை நிமிடம்

எங்கள் நால்வர் கூட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வாயைத் திறந்தவர், கேசட் முடிந்ததும் அதன் பல்சக்கரத்தில் பென்சிலைச் செருகி முழுசையும் கையால் பின்னுக்குச் சுற்ற வேண்டும். இயந்திரத்திலேயே அதற்குப் பொத்தான் இருக்கிறது. இருந்தும் பென்சில்தான். தண்டனை என்றால் வலிக்க வேண்டும் என்பது சட்டத்தை இயற்றியவரின் கொள்கை. அவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கூடுமிடம் ஹைதராபாத் சைனிக்புரியில் அவர் வீட்டுக் கார் ஷெட். காரை எப்போதோ விற்றுவிட்டார். அது நின்ற இடத்தில் இசைத்தட்டு அலமாரி நிற்கிறது; தரையில் எண்ணெய்க் கறை மட்டும் காரின் ஞாபகமாக. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ஒன்றுக்கொன்று உறவில்லாத நான்கு நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்தால் ஒரு மணி வரை எழுந்திருப்பதில்லை.

சுபேதார் திருநெல்வேலிக்காரர். முப்பது வருஷம் வடக்கே குளிரில் கிடந்தும் அவர் தமிழ் மட்டும் தாமிரபரணிக் கரையை விட்டு நகரவில்லை. எதைப் பாட வைப்பதென்றாலும் அவருக்கு அது ‘ரெக்கார்டு போடுவது’தான். இசைத்தட்டானாலும் சரி, கேசட்டானாலும் சரி, பேரன் கொண்டுவந்து நீட்டும் செல்போனானாலும் சரி, “ரெக்கார்டு போடும் வே” என்பார். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கவிழ்த்ததில் பாதிப் பங்கு இதற்கு உண்டு.

டீச்சர் போவன்பள்ளியிலிருந்து வருவார். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர், பிறந்த ஊர் கோயம்புத்தூர். வரும் வழியிலேயே மார்க்கெட்டை முடித்துக்கொண்டு வருவதால் பையிலிருந்து எப்போதும் ஒரு முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும். தாளம் தப்பினால் அதைத்தான் உருவுவார். அண்ணன் என்று நாங்கள் மூவரும் கூப்பிடுகிறவர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவர் அப்பா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவர் பேச்சில் வேலூரும் ஹைதராபாத்தும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்; வேண்டாம் என்றால் ‘நக்கோ’, ஆமாம் என்றால் ‘ஹவ்’.

நான்காவது நான். வயது ஐம்பத்திரண்டு. கூட்டத்தின் கோமாளி. வெளியே இப்படி, உள்ளே, அலுவலகத்தில் மேலதிகாரி “ஒரு நிமிஷம் வாங்க” என்றால், அவர் அறை வாசலை அடைவதற்குள் நான்கு தப்புகளை ஒப்புக்கொள்ளத் தயாராகிவிடுகிறவன்.

பேச்செல்லாம் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்தான். ஒரு நாள் டீச்சர் பாட்டுப் படங்களைக் குறை சொன்னார்.

“பால் வாங்கப் போறவன் திடீர்னு தெருவுல நின்னு பாடறானுங்க. பாடி முடிக்கறதுக்குள்ள பால் திரிஞ்சு போயிராதுங்களா?”

“டீச்சர், பாடாம போனா மட்டும் இந்த ஊர் டிராபிக்ல பால் திரியாதா?” என்றேன் நான்.

சுபேதாருக்குப் படமே வேண்டாம், கச்சேரிப் பதிவு போதும். அதிலும் பாட்டைவிட அதற்குள் கேட்கும் கூட்டத்தின் சத்தம்தான் அவருக்கு உயிர். அவரிடம் ஒரு பழைய பதிவு இருக்கிறது. சரணத்தில் யாரோ இருமுவார். ஒவ்வொரு முறையும் சுபேதார் ஊசியைத் தூக்கிவிட்டுக் கவலையோடு சொல்வார்: “நாப்பது வருசமா கேக்கேன். பாவி மனுசனுக்கு இன்னும் இருமல் நிக்கலியேவே.”

அண்ணன் சிரிப்பார். சத்தம் வராது. இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டையில் அறுவை நடந்தது. உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. தகரத்தை அரத்தால் ராவுவதுபோல ஒரு கரகரப்பு மட்டும் மிச்சம். இளம் வயதில் அவர் பாடகர். எந்தப் படத்திலும் இல்லை. ரயில்வே காலனித் தமிழர்கள் வருஷா வருஷம் போட்ட இசை நாடகங்களில்.

அதில் ஒரு கதை எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். காலனி ஹாலில் நாடகம். அண்ணனுக்கு நாடோடிப் பாடகன் வேஷம். அரசன் முன்னால் நின்று பாடுகிறார். பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது ஆர்மோனியத்தின் துருத்தி பொத்தென்று கிழிந்துவிட்டது. சுருதி இல்லை. இவர் நிற்கவில்லை. தனியாகவே மேலே ஏறி, அந்த மேல் ஸ்வரத்தைப் பிடித்து, மூச்சுள்ளவரை நின்றார். ஹாலே எழுந்து தட்டியது. தமிழ் ஒரு வார்த்தை புரியாத டிக்கெட் பரிசோதகர் ஒருவர் நாற்காலி மேல் ஏறி விசிலடித்தார்.

“ஆதாரம்?” என்பார் சுபேதார், ஒவ்வொரு முறையும்.

“டேப்ல கீதுபா.”

“டேப் எங்க?”

“ஊட்ல. மெசின்தான் பூடுச்சி.”

இப்படியே பத்து வருஷம் ஓடியது. போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு அண்ணன் தானாகவே அந்தக் கேசட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அடுத்த ஞாயிறு மகள் வருகிறாளாம். மகள் கச்சிபௌலியில் இருக்கிறாள். அதே நகரம்தான், ஆனால் சந்திப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அப்பா பாடியதை அவள் கேட்டதே இல்லை. அவளுக்கு விவரம் தெரிந்தபோது காலனி நாடகம் நின்றுபோயிருந்தது; அதற்குப் பிறகு அவர் எங்கேயும் பாடவில்லை. இப்போது போனில் பேசினாலும், “அப்பா, சரியா கேக்கல, மெசேஜ் பண்ணுங்க” என்கிறாளாம். அவள் மேல் தப்பில்லை. அந்தக் குரல் போனில் கேட்காது.

“ஒரு தபா அவ கேக்கணும், அவ்ளோதான். காப்பி பண்ணி அவ போன்லயும் போட்டுக் குடுத்துடு. உங்கிட்டதான் நல்ல மெசின் கீது” என்று என்னிடம் நீட்டினார். “ஒரே காப்பி. பத்திரம்.”

“அண்ணே, என் உயிர் மாதிரி பாத்துக்கறேன்.”

“அது நக்கோபா. அத்த விட கொஞ்சம் நல்லா பாத்துக்க.”

வீட்டுக்கு வந்து கேசட்டைப் பார்த்தேன். முதுகில் இரண்டு சிறு ஓட்டைகள். கேசட் காலத்தில் வாழாதவர்களுக்குச் சொல்கிறேன்: முதுகில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால், தெரியாமல்கூட அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. பதிவுப் பொத்தான் இறங்காது. அண்ணன் விவரமானவர், இரண்டையும் உடைத்துத்தான் வைத்திருந்தார். ஆனால் நான் வளர்ந்தது பாக்கெட் காசில்லாத வீட்டில். கடையில் வாங்கிய கேசட் அலுத்துப்போனால் அந்த ஓட்டைமேல் செல்லோடேப்பை ஒட்டி, மேலே வானொலிப் பாட்டைப் பதிந்துகொள்வோம். என் தலைமுறைக்கு அந்த ஓட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. பாதுகாப்பு, தூசி போகக்கூடாது, என்று ஏதேதோ காரணம் சொல்லிக்கொண்டு செல்லோடேப்பைக் கத்தரித்து, நகத்தால் நீவி, இரண்டு ஓட்டையையும் அழகாக மூடினேன். செய்தபோது பெருமையாகவே இருந்தது.

புதன்கிழமை விடுப்பு போட்டேன். டேப் ரெக்கார்டரிலிருந்து ஒரு வயர் லேப்டாப்புக்கு. லேப்டாப்பில் பதிவைத் தட்ட வேண்டும். டேப் ரெக்கார்டரில் ஓடவிட மட்டும் வேண்டும். முதல் பக்கம் சுத்தமாக ஏறியது. அண்ணன் பாடுவதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அவருடைய கதையில் பாதி மிகைப்படுத்தல் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அது போயிற்று. பக்கத்தின் கடைசியில் அந்தப் பாட்டு வந்தது. துருத்தி பொத்தென்று கிழிவதும் கேட்டது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. இவர் தனியாக மேலே ஏறுகிறார், ஏறுகிறார், டக். பக்கம் முடிந்துவிட்டது.

மிச்சம் மறுபக்கத்தில் என்று கேசட்டைத் திருப்பிப் போட்டேன். அந்த நேரம் பார்த்து சுபேதார் போன் செய்தார்.

“என்னவே, எது வரைக்கும் வந்தீரு?”

“உச்சத்துல நிக்குது சார். இப்பதான் ரெண்டாம் பக்கம்.”

“பின்னே என்ன யோசனை? ரெக்கார்டு போடும் வே!”

போட்டேன். லேப்டாப்பில் அல்ல. காதில் போன், மனதில் அவசரம். ‘ரெக்கார்டு’ என்று கேட்டதும் கை தன் பாட்டுக்குப் பழைய காலத்துக்குப் போயிற்று. எங்கள் காலத்தில் பதிவு என்றால் இரண்டு விரல். பதிவுப் பொத்தானையும் ஓட்டும் பொத்தானையும் சேர்த்து அமுக்க வேண்டும்; இருந்ததை அழித்துவிட்டு, இயந்திரத்தின் மைக்கில் விழுவதெல்லாம் ஏறிவிடும். அமுக்கினேன். ஓட்டையைத்தான் ஞாயிற்றுக்கிழமையே அடைத்து வைத்திருந்தேனே, தடையில்லாமல் இறங்கியது.

சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்தேன். புத்தியுள்ளவன் நிறுத்தியிருப்பான். நான் போனைக் கீழே போட்டுவிட்டு அலறினேன். அலறியதில் எவ்வளவு நேரம் போனது என்று அப்போது தெரியவில்லை. அடுக்களையிலிருந்து என் மனைவி வந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அதன்பிறகுதான் நிறுத்தினேன். பின்னுக்குச் சுற்றி ஓடவிட்டுக் கேட்டேன். அண்ணனின் மேல் ஸ்வரம் இருக்க வேண்டிய இடத்தில், மிகத் துல்லியமாக, ஒரு சலசலப்பும் இல்லாமல், நான் இருந்தேன். முப்பத்தெட்டு வினாடி.

அடுத்த நான்கு நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்பதை விவரிப்பது எனக்கு மரியாதையல்ல. ஆனாலும் சொல்கிறேன். முதலில் நாக்பூர் ரயிலுக்கு இருக்கை பார்த்தேன். நாக்பூரில் எனக்கு யாரும் இல்லை. பிறகு சிக்குன்குனியா வந்ததாகச் சொல்ல முடிவெடுத்து, நடந்து பார்த்தேன்; எந்தக் கால் நொண்டுவது என்று கடைசிவரை முடிவாகவில்லை. கோட்டி பஜார்ப் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குக் கேசட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அழிந்ததை மீட்க முடியுமா என்றேன். கடைக்காரர் கேசட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “கயா சோ கயா, பாய்” என்றார். போனது போனதுதான். ஆறுதலுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை, அந்த ஸ்வரத்தை நானே பாடிப் பதிந்துவிட்டால் என்ன என்று குளியலறையில் முயன்றேன். மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்து தண்ணீர் மோட்டார் இழுக்கிறதா என்று கேட்டார்.

கடைசியில் டீச்சருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன்.

“ஏனுங்க, ஒட்டுனது நீங்க. அமுக்குனது நீங்க. அலறுனதும் நீங்க. அவருகிட்டச் சொல்றது மட்டும் நானுங்களா?” என்றார். “மக வர்றதுக்கு முன்னாடியே போய்ச் சொல்லிப்போடுங்க. வந்தப்புறம் சொன்னா அவரு அவ முன்னால நிக்கோணும்.”

ஞாயிறு பத்து மணிக்கே கார் ஷெட்டில் இருந்தேன். அண்ணன் எனக்கு முன்பே வந்திருந்தார், தேய்த்த வெள்ளைச் சட்டையில். சுபேதார் கூடுதலாக ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தார். டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு முருங்கைக்காயைச் சரி செய்தார். நான் சொன்னேன். ஒட்டியது, அமுக்கியது, அலறியது, மூன்றையும் வரிசை மாறாமல் சொன்னேன். நடுவில் வழக்கம்போல ஒரு ஜோக் வந்தது. அதை முழுங்கினேன்.

அண்ணன் கேசட்டை வாங்கி, செல்லோடேப்பை நகத்தால் தடவிப் பார்த்தார்.

“ரெண்டாம் சைடு ஆரம்பத்துலயா?”

“ஆமாண்ணே. முப்பத்தெட்டு செகண்டு. அந்த ஸ்வரம் மொத்தமும் போச்சு.”

“ஸ்வரம் போவல.”

“போச்சுண்ணே, நானே கேட்டேன்.”

“அது எப்பவுமே இல்லபா.” அந்தக் கரகரப்பில் அவர் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “நான் மேல ஏறச்சொல்ல டேப் முடிஞ்சி போச்சி. ரெக்கார்ட் பண்ணவன் முன்வரிசைல குந்தினு இருந்தான். திருப்பிப் போட்றதுக்குள்ள நான் பாடி முடிச்சுட்டேன். அவன் திரும்ப ஆன் பண்ணப்ப கைதட்டல்தான் ஓடுது. அரை நிமிசம். அந்த விசிலும் கேக்கும்.”

எனக்கு ஒரு வினாடி நிம்மதி வந்தது. அசல் ஸ்வரத்தை நான் அழிக்கவில்லை! அந்த ஒரு வினாடிக்காக இன்றைக்கும் என்மேல் எனக்கு வெட்கம். அடுத்த வினாடி புரிந்தது. அந்த ஸ்வரத்தைப் பாடியது கேசட்டில் இல்லை. பாடியதற்குச் சாட்சி மட்டும் இருந்தது. அந்தச் சாட்சியைத்தான் நான் அழித்திருக்கிறேன்.

சுபேதார் பத்து வருஷமாக ஆதாரம் கேட்டவர். அவர் எழுந்து போய், எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்து, மறுபடி போட்டார்.

“எங்கிட்ட ஒரு வெளிநாட்டுக் கச்சேரி இருக்கு, அண்ணாச்சி,” என்றார். “ஆயிரம் பேரு கை தட்டுதாங்க. அதை எடுத்து அந்த எடத்துல ஒட்டிப்பிடலாம்.”

“நக்கோ.”

“என் சத்தத்தையாவது வெட்டிடறேன் அண்ணே. லேப்டாப்லயே வெட்டலாம், அஞ்சு நிமிஷ வேலை.”

“நக்கோபா. இருக்கறத போடு.”

வாசலில் கார் வந்து நின்றது. மகள் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அலுவலக அடையாள அட்டையின் நாடா. ஞாயிற்றுக்கிழமையும் கழற்ற மறந்திருந்தாள். எங்களுக்குத் தமிழில் வணக்கம் சொன்னாள், மற்றதையெல்லாம் தெலுங்கும் தமிழும் கலந்து. டிராபிக்கைத் திட்டினாள். பன்னிரண்டரைக்கு ஒரு மீட்டிங் இருக்கிறது என்றாள். புதிதாகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அண்ணன் அவள் பக்கத்தில் உட்காராமல் அலமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

நான் கேசட்டைப் போட்டேன். ஒரே விரலால்.

நாடகத்தின் சலசலப்பு, வசனம், பிறகு பாட்டு. “எவரு பாடுதுன்னாரு?” என்று கேட்டாள், யார் பாடுகிறார்கள் என்று. அண்ணன் தன் வெள்ளைச் சட்டையின் காலரைச் சரிசெய்தார். அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு டேப் ரெக்கார்டரைப் பார்த்தாள். போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். துருத்தி கிழிந்தது. இளம் வயது அண்ணன் தனியாக மேலே ஏறினார், ஏறினார். டக்.

அண்ணனே வந்து கேசட்டைத் திருப்பிப் போட்டார். ஓடவிட்டார்.

“ஐயோ! ஐயய்யோ! போச்சே! போச்சு, எல்லாம் போச்சு! கடவுளே, நான் செத்தேன்! யாராவது வாங்களேன்! ஐயோ, என்னால முடியலயே!”

என் குரல் இவ்வளவு மெல்லியது என்று எனக்குத் தெரியாது. பின்னணியில் குக்கர் ஒருமுறை விசிலடித்தது. பிறகு என் மனைவியின் குரல், அவசரமே இல்லாமல்: “ஏங்க, மொதல்ல நிறுத்துங்க.” ஒரு க்ளிக். உடனே நாடகத்தின் அரசன் இடிபோல முழங்கினான்: “யாரங்கே! இழுத்துச் செல்லுங்கள் இவனை!”

டீச்சர் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். சுபேதார் கூரையைப் பார்த்தார்.

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். “அப்பா, எவரு ஆயன, யாரு அந்த ஆளு? அந்த அளவுக்கா ஃபேன்?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையின் எண்ணெய்க் கறையைப் பார்த்தேன்.

“ஹவ். ஒரு பைத்தியம்” என்றார் அண்ணன். “முன்வரிசைல குந்தினு இருந்துச்சி.”

“அந்த லேடி?”

“அவன் பொண்டாட்டி. பாவம், கூடவே வந்திருந்துச்சி.”

“விசில் கூட வந்ததே!”

“அது டிக்கெட் செக்கர்” என்றார் சுபேதார், சட்டென்று. “நாற்காலி மேல ஏறி நின்னான்லா.”

சொல்லிவிட்டு வெளியே தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். பத்து வருஷத்தில் அவர் அந்தக் கதையில் தன் சொந்தப் பொறுப்பில் சேர்த்த முதல் வரி அதுதான்.

மகள் முதல் பக்கத்தை மறுபடி கேட்க வேண்டும் என்றாள். மீட்டிங்குக்கு வரவில்லை என்று யாருக்கோ செய்தி தட்டினாள். அண்ணன் கேசட்டை வெளியே எடுத்தார். முதுகிலிருந்த இரண்டு செல்லோடேப் துண்டுகளையும் பிய்த்து உருட்டி என் சட்டைப் பையில் போட்டார். பிறகு அலமாரி மேலிருந்த பென்சிலை எடுத்து, கேசட்டையும் சேர்த்து என்னிடம் நீட்டினார்.

“எனக்கெதுக்குண்ணே? நான் வாயே திறக்கலயே.”

“ரெக்கார்டு ஓடிக்கினு இருக்கச்சொல்ல நடுவுல பேசினது யாரு?” என்றார்.

முதல் பக்கம் முழுக்கச் சுற்ற வேண்டியிருந்தது. மகள் நாற்காலியை அண்ணனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அந்த உச்சத்தில் என்ன பாடினீர்கள், வார்த்தையைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அவள் குனிந்து அவர் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்திருந்தாள். நான் சுற்றிக்கொண்டிருந்தேன்.